உளவியலாளர் வேலை எங்கும் ஒன்றுதானா? ஆஸ்பத்திரி முதல் சிறார் நீதி வாரியம் வரை

எம்.எஸ்ஸி. உளவியல் முடித்திருக்கிறீர்கள். மருத்துவமனை, பள்ளி, கம்பெனி, நீதிமன்றம் என்று எல்லா இடத்திலும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்கிறார்களே, எல்லாம் ஒரே வேலையா, எதில் சேர்ந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: படித்தது எல்லோரும் ஒன்றுதானே, அப்புறம் ஏன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பேசுகிறார்கள்? எனக்கு அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. சம்பளக் கணக்கை என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது இந்த வேலைக்குள் என்ன மாறுகிறது என்பதை நான் எழுதுகிறேன். நான் பயிற்சியால் மருத்துவ உளவியலாளர். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தொடங்கி, பள்ளிகள், ஒரு நிறுவனத்தின் ஊழியர் ஆலோசனை, சிறார் நீதி வாரியத்துக்கான (குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களின் வழக்குகளைப் பார்க்கும் அமைப்பு) மதிப்பீடுகள் என்று போய், இப்போது சொந்தமாகப் பார்க்கிறேன். ராணுவத் தேர்வு, விளையாட்டு உளவியல் இரண்டிலும் வேலை செய்ததில்லை என்பதால் அவற்றைத் தொடவில்லை.

நான் கண்டவரை, இடம் மாறும்போது மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக மாறுவது இதுதான்: எதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்வது கடைசியில் யார் கைக்குப் போகிறது. மருத்துவமனையில் அது கேஸ் ஷீட்டுக்குப் போகிறது. பள்ளியில் தலைமை ஆசிரியர் கேட்கிறார், பெற்றோர் கேட்கிறார்கள். கம்பெனியில் எச்.ஆர். நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்கிறது. சிறார் நீதி வாரியத்தில் அது நேராக ஒரு தீர்மானத்துக்குள் போய்விடுகிறது. சோதனைகளும் கேட்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அந்தத் தாள் எங்கே போகும் என்று தெரிந்தவுடன் எதிரே இருப்பவர் பேசுவது மாறும், நீங்கள் கேட்பதும் மாறும். ஆளுக்கொரு மாதிரி பேசுவதாக உங்களுக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, நம் துறையில் எது உறுதியானது, எது இன்னும் ஐயத்தில் இருக்கிறது என்று பலர் பிரித்துச் சொல்லாதது.

மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் அபூர்வம். தலை கனமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் எரிகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். பொது மருத்துவம், இதயம், நரம்பியல் எல்லாம் சுற்றி, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றான பிறகு நம்மிடம் அனுப்பப்படுவார்கள். அவரிடம் போய் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னால் மறுமுறை வரமாட்டார். அந்த எரிச்சலும் படபடப்பும் நிஜம். அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். சோதனைகள் மூலம் நோயின் தன்மையைத் தெளிவாக்குவது, பேச்சுவழிச் சிகிச்சை, குடும்பத்தோடு வேலை செய்வது ஆகியவை நம் பங்கு.

குடும்பம் என்று சொன்னேன். கூட வரும் அட்டெண்டர்தான் பாதி வரலாற்றைச் சொல்வார், வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. ஆகவே ரகசியம் காப்பது பற்றிப் பாடத்தில் படித்தது அங்கே அப்படியே பொருந்தி வராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவல் ரகசியமாக வைக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்கிறது. சிகிச்சை தரும் மற்றவர்கள், அவர் நியமித்த பிரதிநிதி, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகளும் உண்டு. மருமகளை மாமியார் அழைத்து வந்திருக்கிறார், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், மருமகள் சொன்னதில் எதை வெளியே பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று மருமகளிடமே கேட்டுக்கொள்வதுதான் நான் கற்ற வழி. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவையும் படித்து வையுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இது தெரியாமல் போலீஸுக்குப் பயந்து ‘தெரியாமல் விஷத்தைக் குடித்துவிட்டான்’ என்று வீட்டார் சொல்வார்கள். அந்தப் பயத்தைப் போக்கினால்தான் உண்மையான காரணம் வெளியே வரும், அடுத்த முயற்சியைத் தடுக்கும் வழியும் பிறக்கும்.

கோயில், தர்கா, மந்திரிப்பு எல்லாம் முடித்துவிட்டுத்தான் பலர் வருவார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2002இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அங்கே பூசையும் எளிய அன்றாட வேலைகளும் தவிர வேறு சிகிச்சை எதுவும் இல்லை, கட்டிப்போடுவதும் இல்லை. ஆனாலும் நோய்க்குறிகள் சராசரியாக 20 சதவீதம் வரை குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. கோயில் குணமாக்கும் என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. அச்சுறுத்தாத இடமும் அரவணைப்பும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு தடயம், அவ்வளவுதான். இதற்கு ஓராண்டு முன்னால், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன். குடும்பத்திடம் நான் கேட்பது, சாமியிடம் போனீர்களா என்பதை அல்ல. அங்கே இவரை எப்படி நடத்தினார்கள், மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்பதை.

பேச்சுவழிச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று உங்களிடம் உறவினர்கள் கட்டாயம் கேட்பார்கள். செய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1977லேயே ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற ஒரு சராசரி ஆள், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். அளவு பற்றிச் சர்ச்சை உண்டு, திசை பற்றி இல்லை. ஐயம் எங்கே என்றால், எந்தச் சிகிச்சை முறை உயர்ந்தது என்பதில். சில கோளாறுகளுக்குச் சில முறைகள் தெளிவாக மேல்: எண்ணச் சுழல் நோய்க்கும் (ஓ.சி.டி.) குறிப்பிட்ட பயங்களுக்கும், பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பதுதான் முதல் வழி. சாதாரண மனச்சோர்வில் முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் சிறியது. சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் நடுவே அமையும் நம்பிக்கைக்கும் பலனுக்கும் தொடர்பு இருப்பது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்த வைத்தார்கள். கடுமையான மனச்சோர்விலும் அது பலன் தந்தது. நம் பட்டத்தின் மதிப்பைப் பற்றி இது சங்கடமான கேள்வியை எழுப்புகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். நம்மைப் போன்றவர்கள் எல்லாக் கிராமத்துக்கும் போய்ச் சேரப்போவதில்லை. பயிற்சி கொடுப்பதும் மேற்பார்வை செய்வதும் நம் வேலையின் பெரிய பகுதியாக ஆகட்டும்.

பள்ளிக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பள்ளியில் உங்களை வேலைக்கு எடுப்பவர் தாளாளரோ தலைமை ஆசிரியரோ. அவர் மனத்தில் இருக்கும் கவுன்சலர், அடங்காத பையனை உட்காரவைத்துப் புத்தி சொல்பவர். ‘இவனைக் கொஞ்சம் என்னவென்று பாருங்கள்’ என்று வகுப்பிலிருந்து அனுப்புவார்கள். உங்கள் அறைக்கு வருவதே தண்டனை என்று பிள்ளைகள் மத்தியில் ஒருமுறை பெயராகிவிட்டால் பிறகு யாரும் தானாக வரமாட்டார்கள். ஆகவே தொடக்கத்திலேயே வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் வந்து போகும் இடமாக அந்த அறையை ஆக்க வேண்டும்.

அடுத்தது சோதனைகள். ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லை, ‘டிஸ்லெக்சியாவா (வாசிப்புக் குறைபாடா) பாருங்கள்’ என்று அனுப்புகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை, அம்மா அப்பா தமிழ் வழியில் படித்தவர்கள். அந்தப் பிள்ளை தெரியாத மொழியில் வாசிக்கத் தடுமாறுவதைக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்த முடியாது. முதலில் தமிழில் வாசிக்கவைத்துப் பார்க்க வேண்டும். தமிழிலும் எச்சரிக்கை தேவை: ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும் ர, ற குழப்பமும் நம் ஊரில் எந்தக் குறைபாடும் இல்லாதவர்களுக்கே உண்டு, பேச்சில் பலர் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அவற்றை எண்ணிப் பிழைக் கணக்குப் போட்டால் பாதி வகுப்பு மாட்டிக்கொள்ளும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேரான உறவு உள்ள மொழிகளில் வாசிப்புக் குறைபாடு பிழைகளைவிட மந்தமான வேகத்தில்தான் அதிகம் தெரியும். உயிர்மெய்க் குறிகளில் தடுமாற்றம், வயதுக்குப் பொருந்தாத மெதுவான வாசிப்பு, வாசித்தவுடன் களைத்துப் போவது, இவை நீண்டகாலம் நீடிப்பது ஆகியவற்றை நான் அதிகம் நம்புகிறேன். இது அனுபவத்திலிருந்து சொல்வது. ஆங்கிலத்தில் இருப்பதுபோலத் தமிழுக்கு வயதுவாரியாக விரிவான அளவுகோல்கள் இருந்தால் இதை இன்னும் உறுதியாகச் சொல்லலாம்.

ஐக்யூ எண்ணைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். இந்தியா முழுக்க இன்னமும் புழங்கும் பினே–காமத் சோதனை, வி.வி. காமத் 1930களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காகத் தகவமைத்தது. ஒரு பிள்ளையின் விடையை யாரோடு ஒப்பிடுகிறோமோ அந்தக் குழந்தைகளெல்லாம் பல தலைமுறைக்கு முந்தியவர்கள். பல நாடுகளில் இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி வீதம் மதிப்பெண்கள் உயர்ந்துகொண்டே வந்திருப்பதை ஃப்ளின் என்ற ஆய்வாளர் காட்டினார். பழைய அளவுகோலில் அளந்தால் எண் கூடுதலாகத்தான் வரும். கூடுதலாக வந்தால் நல்லதுதானே என்று பெற்றோருக்குத் தோன்றும். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாட்டை முடிவு செய்ய எழுபது என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். 68க்கும் 72க்கும் உள்ள தூரம் அளவீட்டின் இயல்பான பிசகுக்குள் அடங்கிவிடும். அந்த நான்கு புள்ளியில் ஒரு குடும்பத்தின் மாத உதவித்தொகை இருக்கக்கூடும். அதனால் எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தானாகக் குளிக்கிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குகிறானா, பஸ்ஸில் தனியாகப் போவானா என்று அன்றாடத் திறன்களை அளந்து எழுதுங்கள். சான்றிதழ் தரும் மருத்துவக் குழு படிக்கும் ரிப்போர்ட்டில் அந்தப் பத்திதான் பிள்ளையைக் காட்டும்.

பள்ளியில் இன்னொரு கடினமான இடம் உண்டு. போக்சோ சட்டம், 2012, 19ஆம் பிரிவு: பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை. ஆகவே ‘நீ என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எதைச் சொன்னால் நான் மற்றவரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான நேரம் இந்தச் சட்டம் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது. பதினேழு வயதுப் பெண் தன் விருப்பத்தோடு காதலிக்கும் பையனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அது கனத்துவிடுகிறது, ஏனெனில் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. முதல் நாளே எல்லையைச் சொல்லியிருந்தால், எவ்வளவு சொல்வது என்பதை அந்தப் பெண் தீர்மானிக்கலாம்.

கம்பெனி வேலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஊழியர் ஆலோசனை என்றால், ஒப்பந்தத்திலேயே எச்.ஆருக்குப் பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டுமே போகும் என்று எழுதி வாங்குங்கள். ‘அந்த டீம் லீட் வந்தாரா?’ என்று கேன்டீனில் கேட்கும்போது அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டே மறுக்கலாம். ஆள் எடுப்பதில், எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் நன்றாக வேலை செய்கிறது என்பதற்குப் பலமான ஆதாரம் உண்டு. மனிதர்களை நான்கு எழுத்தில் வகைப்படுத்தும் சோதனைகளுக்கு அந்த ஆதாரம் இல்லை. சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு வேறு வகை வரும். பயிற்சி வகுப்புகளில் ‘ஆய்வு சொல்கிறது’ என்று அடுக்கும் பழக்கத்திலும் நிதானம் வேண்டும். 2015இல் நம் துறையின் 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது சுமார் 36 சதவீதத்தில்தான் முன்பு வந்ததுபோலத் தெளிவான முடிவு வந்தது.

நீதி சார்ந்த வேலையில் எனக்கு அச்சம் உண்டு, அந்த அச்சம் தேவை என்றும் நினைக்கிறேன். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, 16 வயது நிரம்பிய சிறார் மீது கொடிய குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றம் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, பின்விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்ப்பார்கள். வாரியத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லையென்றால் உளவியலாளர் போன்ற வல்லுநரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நாம் பையனைப் பார்க்கும்போது சம்பவம் நடந்து வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கும். இன்று ஐக்யூ அளக்கலாம், இன்று அவன் எப்படிச் சிந்திக்கிறான் என்று பார்க்கலாம். அந்த இரவில், நண்பர்கள் நடுவே, அவன் மனத்தில் என்ன இருந்தது என்று அளக்கும் சோதனை எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் அதை அப்படியே எழுதுகிறேன். குடும்பம், பள்ளியிலிருந்து நின்றது, போதைப் பழக்கம், இதற்கு முன் பட்ட அடிகள், திருந்த வாய்ப்புள்ள இடங்கள் இவற்றை விரிவாக எழுதுகிறேன். அவனிடம் பேசத் தொடங்கும்முன், நான் அவனுக்குச் சிகிச்சை தர வரவில்லை, இங்கே பேசுவது வாரியத்துக்குப் போகும் என்று சொல்கிறேன். மருத்துவமனையில் கற்ற அதே கனிவான குரலில் கேட்டால் அவன் எல்லாம் சொல்லிவிடுவான். அதனால்தான் முன்கூட்டிச் சொல்வது அங்கே இன்னும் அவசியம்.

பொய்யைக் கண்டுபிடித்துவிடுவீர்களா என்று போலீஸும் கேட்பார்கள், சொந்தக்காரர்களும் கேட்பார்கள். முடியாது. முகத்தையும் பேச்சையும் மட்டும் வைத்து மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரிப்பது சராசரியாக 54 சதவீதம்தான் என்று ஒரு பெரிய தொகுப்பாய்வு 2006இல் காட்டியது. காசு சுண்டினால் வருவதைவிடக் கொஞ்சம் மேல். நார்கோ சோதனை, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பேரிடர் வேலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், உங்கள் வயதுக்காரர்கள் அதற்கு ஆசையாக ஓடிவருவார்கள். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் எங்கெங்கிருந்தோ ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். நடந்ததை உடனே ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைப்பது நல்லது என்ற நம்பிக்கை அப்போதும் பரவலாக இருந்தது. அந்த முறை பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று அதற்கு முன்பே 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டிருந்தது. இப்போது பரிந்துரைக்கப்படுவது உளவியல் முதலுதவி: பாதுகாப்பு, தண்ணீர், காணாமல் போனவர் பற்றிய தகவல், சொந்தங்களோடு சேர்த்துவைப்பது, பேச விரும்பினால் கேட்பது, வற்புறுத்தாமல் இருப்பது. இதற்கும் வலுவான ஆய்வு ஆதாரம் இன்னும் குறைவுதான். கெடுதல் செய்யாது என்ற அளவில் ஏற்கிறோம். பெரும்பாலானவர்கள் தம் சுற்றத்தின் துணையோடு மீண்டுவிடுகிறார்கள். மீளாத சிறுபகுதியினரைச் சில வாரங்கள் கழித்தும் தேடிப்போகத்தான் ஆள் தேவை, அப்போது பெரும்பாலும் யாரும் மிச்சமிருப்பதில்லை.

சரி, நீங்கள் எங்கே போகலாம்? முதல் சில வருடங்களுக்கு, படுக்கை வசதியுள்ள மனநலப் பிரிவில் மேற்பார்வையோடு வேலை செய்யுங்கள் என்பது என் கருத்து. பள்ளிக்கோ கம்பெனிக்கோ போவதே உங்கள் விருப்பமாக இருந்தாலும் சரி. தீவிர மனநோயின் ஆரம்பம் எப்படியிருக்கும் என்று வார்டில் பார்த்தவர்தான், பத்தாம் வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பையனை ‘சோம்பேறி’ என்று கடந்துபோகாமல் இருப்பார். கல்வி உளவியல் படித்த நண்பர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள், ஆரோக்கியமான குழந்தைகளை முதலில் பார்ப்பதே முறை என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

‘மருத்துவ உளவியலாளர்’ என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு தேவை, எம்.எஸ்ஸி. மட்டும் போதாது. இதுவரை இருந்த முக்கிய வழி இரண்டு வருட எம்.ஃபில். ஆனால் எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022 விதிகளில் கைவிட்டுவிட்டது, இந்தப் படிப்புக்கும் மனநலச் சமூகப் பணிப் படிப்புக்கும் 2025–26 கல்வியாண்டு வரை அவகாசம் நீட்டித்தார்கள். பாதை மாறிக்கொண்டிருப்பதால், எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டும்முன் அந்தப் படிப்புக்கும் அந்த வருடத்துக்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள், கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். வேலைக்கான நேர்காணலில் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் எழுதும் ரிப்போர்ட்டை யார் யார் படிப்பார்கள், கதவு மூடும் அறை உண்டா, என் கேஸ்களை யாரிடம் கொண்டுபோய்ப் பேசலாம். மூன்றாவதற்குப் பதில் இல்லாத இடத்தில் முதல் வேலையாகச் சேராதீர்கள், சம்பளம் எவ்வளவானாலும். எந்த ஊரில் இருக்கிறீர்கள், எம்.எஸ்ஸி.யில் களப்பயிற்சி எங்கே செய்தீர்கள் என்று எழுதினால், அடுத்த படி பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.